மணல் இருந்த காலத்து வாடை

புதுச்சேரி நகரின் கிழக்கு விளிம்பில், பிரெஞ்சுக்காரர் நேர்கோட்டுத் தெருக்களாக வகுத்த வெள்ளை நகரம் வடக்கே முடிகிற இடத்தில், வைத்திக்குப்பத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் மீனவர் ஊர் குருசுக்குப்பம். நகர மையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருந்தபோதும், 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறுவதற்கு முன்னும் பின்னும், இவ்வூரின் காலக்கணக்கு நகரத்தின் காலக்கணக்கோடு ஒத்துப்போனதில்லை. அலுவலகமும் பள்ளியும் கடைத்தெருவும் நாட்காட்டியைப் பார்த்து நடந்த அதே நாட்களில் குப்பம் கடலைப் பார்த்து நடந்தது. இமயத்தின் பள்ளத்தாக்குகளில் பனி விழுந்து கணவாய்கள் அடைபடும் மாதங்களில் ஊர்கள் வெளியுலகத்தோடு தொடர்பற்றுத் தமக்குள் கூடி வாழ்வதைப் போல, ஐப்பசியில் கடல் அடைபட்டதும் குருசுக்குப்பம் தன் மணற்கரையில் கூடியது. அந்தக் கூடுதலின் தன்மையும், அதனூடே வளர்ந்த இயற்கை அறிவும், அவ்விரண்டுக்கும் இடம் தந்த மணல் போனபின் நேர்ந்ததும், 1970-களிலும் 1980-களிலும் இங்கே சிறுவராக இருந்தோரின் நினைவில் இன்னும் துலக்கமாக உள்ளன. அவர்களுக்குப் பின் அவற்றைச் சொல்ல ஆளிருக்காது என்பதால் அவை எழுதிவைக்கத்தக்கவை.

ஜனவரி விடியலிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதிகம் இறங்காத இக்கரையில் குளிர்காலத்தை முதலில் அறிவிப்பது காற்று. சித்திரை தொடங்கி ஆவணி வரை தெற்கிலும் மேற்கிலுமிருந்து மாறி மாறி அடித்த காற்று புரட்டாசியில் தளர்ந்து, சில நாள் திசையின்றித் தடுமாறி, பின்னர் வடக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து மழைமேகத்தைத் தள்ளிவருவது கொண்டல், மேற்குப்புறத்திலிருந்து வறண்டு வருவது கச்சான் என்று சோழமண்டலக் கரை மீனவர் காற்றுகளுக்குப் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். நீருக்கும் அவ்வாறே பெயருண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் கரையோர நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. ஆண்டின் பெரும்பகுதி தெண்டியே மேலோங்கியிருக்க, வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் வன்னி அதை எதிர்த்து நிற்கிறது. புதுச்சேரி ஓராண்டில் பெறும் ஏறக்குறைய 1,300 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேலானது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுவதால், அக்காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் கரையோர நீரைச் செம்மண் நிறமாக்குகிறது. கலங்கல் எவ்வளவு தொலைவு பரந்துள்ளது, அதன் விளிம்பு எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டே நீரோட்டத்தின் திசையும் வேகமும் கரையிலிருந்தபடி கணிக்கப்பட்டன.

கட்டுமரமே தொழிலின் முதன்மைக் கருவியாக இருந்த காலத்தில், வாடை முற்றிய நாட்களில் கடலில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாகும் என்பதால், வாரக்கணக்கில் மரங்கள் கரையேற்றப்பட்டுக் கட்டவிழ்த்து உலரவைக்கப்பட்டிருந்தன. அந்நாட்களில் ஆண்கள் மழை விட்ட இடைவெளிகளில் மணலில் அமர்ந்து வலை பழுதுபார்த்தனர். பெண்கள் கோடையில் உப்பிட்டு உலர்த்திய கருவாட்டைப் பானைகளிலிருந்து எடுத்து நகரத் தெருக்களுக்குக் கொண்டுசென்றனர். வருவாய் இல்லாத அம்மாதங்களில் கடன் வளர்ந்தது, அடுப்பு ஒருவேளைக்குச் சுருங்கியது. வறுமையை நீக்கிவிட்டு அக்காலத்தின் நெருக்கத்தை மட்டும் நினைவுகூர்வது அவர்களுக்குச் செய்யும் நியாயமாகாது. ஆயினும் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கரையில் இருந்த ஒரே பருவம் அது என்பதால், ஊரின் பொதுக்காரியங்கள் பலவும் அப்போதுதான் நடந்தேறின. நாட்டார் எனப்படும் ஊர்த்தலைவர்களும் பஞ்சாயத்தாரும் கோயிலருகே கூடி, தலைக்கட்டு வரியை, அதாவது மணமான ஆண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட ஒவ்வொரு குடும்பமும் ஊருக்குச் செலுத்தும் பங்கை, முடிவுசெய்தனர். கோடையில் வலைகள் சிக்கிக்கொண்டதால் எழுந்து தள்ளிப்போடப்பட்டிருந்த வழக்குகளைத் தீர்த்துவைத்தனர். கோயில் திருவிழாவுக்கு நாள் குறித்தனர்.

வலை பழுதுபார்க்கும் கைகளுக்குக் கண்கள் தேவைப்படுவதில்லை. விரல்கள் கண்ணியைத் தடவி அறுந்த இடத்தைத் தாமே கண்டுகொள்ள, கண்கள் கடல்மேல் இருந்தன. இயற்கையை நோக்குதல் என்று நூல்கள் குறிப்பிடுவது இங்கே தனியொரு பொழுதுபோக்காக இல்லாமல் வேலையின் ஊடாக நடந்தது. தொலைவில் ஆலாக்கள், அதாவது கவைபட்ட வாலும் கூர்மையான சிறகும் உடைய மெலிந்த கடற்பறவைகள், ஒரே இடத்தில் வட்டமிட்டுச் செங்குத்தாகப் பாய்ந்தால் அங்கே நெத்திலியோ கவளையோ கூட்டமாக மேலெழுந்துள்ளது என்பது பொருள். ஓங்கல்கள், அதாவது டால்பின்கள், கரைக்கு இணையாக வடக்கே விரைந்தால் அவற்றுக்கு முன்னால் மீன் ஓடுகிறது என்பது பொருள். ஒருவர் கண்டதை மற்றவர் மறுப்பதும், மூன்றாமவர் பத்தாண்டுக்கு முந்தைய ஒரு வாடையை எடுத்துக்காட்டி இருவரையும் திருத்துவதும், சிறுவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே நூல்கண்டை ஏந்தி நிற்பதுமாக அந்த அறிவு கைமாறியது. ஏட்டில் எழுதப்படாத அதற்கு உடன் அமர்ந்திருந்தோரின் மறுப்பே சரிபார்ப்பாக இருந்தது.

குளிர்காலத்தின் விருந்தாளிப் பறவைகளைச் சிறுவர்கள் பெரியவர்களை விடவும் கூர்ந்து கவனித்தனர். திபெத், லடாக் மேட்டுநிலங்களிலும் நடு ஆசியாவிலும் இனம் பெருக்கும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் நவம்பர் வாக்கில் இக்கரைக்கு வந்துசேரும்போது, பெயரிலுள்ள பழுப்பு அவற்றின் தலையில் இருப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் வெண்தலையோடும் கண்ணுக்குப் பின்னே ஒரு கருந்திட்டோடும் திரிந்து, பங்குனியில் திரும்பும் வேளையில்தான் தலை பழுப்பேறுகிறது. அதைக் கண்டே அவை கிளம்பப்போவது ஊருக்குத் தெரிந்தது. மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்தன. மழைநீர் தேங்கிய பள்ளங்களின் ஓரத்தில் வாலாட்டிகள் நடந்தன. இவை யாவற்றிலும் சிறுவரின் நெஞ்சைக் கவர்ந்தது ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும், இளமஞ்சள் மார்பும், வயிற்றில் சிவப்பும், கண்வழியே கரும்பட்டையும் கொண்ட இச்சிறு பறவை, இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டு, ஐப்பசி வாக்கில் இரவோடிரவாகத் தெற்கே பறந்து வருகையில், களைத்துப்போய் விளக்கொளியில் மயங்கி வீட்டுத் திண்ணைகளில் விழுந்துவிடுவதுண்டு. விழுந்ததை மூங்கில் கூடையால் மூடிவைத்து, இருள் கவியும் நேரத்தில் தோட்டப்புறத்தில் விட்டுவிட, அடுத்த சில மாதங்களுக்கு விடியலிலும் அந்தியிலும் இருகுரல் சீழ்க்கையாக அதன் ஓசை கேட்கும். அக்குருவி கூப்பிட்டால் விளக்கேற்றும் நேரம் என்று எடுத்துக்கொண்ட வீடுகள் இருந்தன.

அலைவிளிம்பிலோ வேறொரு உலகம் இயங்கியது. அலை பின்வாங்கிய ஈரமணலில், கடலின் கால்தடத்தைத் துரத்துவனவாக உள்ளான்கள் ஓடி, மணலுக்குள் மறையும் சிற்றுயிர்களைக் கொத்திவிட்டு, அடுத்த அலை எட்டுமுன் ஒருசேரத் திரும்பின. சற்று மேலே, ஈரமும் காய்வும் சந்திக்கும் கோட்டில், கரைநண்டுகள் வளையிலிருந்து மணலைக் கவ்வி வந்து உருண்டை உருண்டையாக வாசலில் கொட்டிவிட்டு, காம்பின் நுனியிலுள்ள கண்களை நிமிர்த்தி நாற்புறமும் பார்த்து, நிழல் அசைந்த கணத்தில் காணாமற்போயின. நண்டு வளையின் வாசல்கள் வழக்கத்தைவிட மேட்டுப்புறமாக ஏறியிருந்தால் பெருங்கடல் வரப்போகிறது என்று முதியோர் கூறுவதுண்டு. அதற்கும் மேலே, அடப்பங்கொடி ஊதாப் பூக்களோடு மணலைப் பின்னிக் கிடக்க, இராவணன் மீசை எனப்படும் முள்நுனிப் புல் மேட்டைப் பிடித்து நிறுத்தியிருந்தது. காய்ந்த அதன் பூந்தலைகள் உருண்டையாகக் கழன்று வாடையில் தெற்கு நோக்கி உருண்டோட, அவற்றைத் துரத்திப் பிடிப்பது அப்பருவத்தின் விளையாட்டாயிற்று.

மார்கழி பிறந்ததும் ஊரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கியது. அறுமீன் என்றழைக்கப்படும் கார்த்திகை விண்மீன் கூட்டம் மேற்கே இறங்கும் வேளையில் பெண்கள் எழுந்து, வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணத்தில் பூசணிப்பூ செருகிவைத்தனர்; கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை எழுந்தது. தெற்கே சற்றுத் தொலைவில், 1855-இல் கட்டப்பட்டதும் மக்களால் கப்ஸ் கோயில் என்று வழங்கப்படுவதுமான தூய தேவதைகளின் அன்னை ஆலயத்தின் மணியும் அதே குளிர்காற்றில் வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் பலகாரத் தட்டுகள் இருதரப்பு வீடுகளுக்கிடையே போய்வந்தன. சூரியன் அப்போது தென்கிழக்கே ஒதுங்கி எழும். ஒவ்வொரு நாளும் அது தெற்கே நகர்வதையும், மார்கழியின் தொடக்க வாரத்தில் நின்று, பின் வடக்கே திரும்புவதையும் கடலோர வாழ்க்கை தெளிவாகக் காட்டியது. தொடுவானம் முழுமையாகத் தெரியும் ஊருக்கு வானியல் கற்பிக்க வேறு ஆசிரியர் தேவைப்படவில்லை.

இப்பருவத்தின் மற்றொரு முகம் புயல். மழைக்காலம் முடிந்துவிட்டது என்று நாட்காட்டி நம்பும் நாட்களிலும் வங்கக்கடல் எழும் என்பதை இக்கரை மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறது. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, 1761 ஜனவரி 1 அன்று தாக்கிய புயலில் அவர்களுடைய போர்க்கப்பல்கள் சில மூழ்கியும் சில கரைதட்டியும் போக, 1,000 பேருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரம் அடுத்த இரு வாரங்களில் வீழ்ந்தது. 1916 நவம்பரில் அடித்த பெரும்புயலை அப்போது இங்கே வாழ்ந்த பாரதியார் தம் பாடல்களில் பதிவுசெய்தார். தென்னைகள் சாய்ந்த பெருவெளியில் தப்பிநின்ற சிறு தோப்பொன்றைப் பற்றியும் அவர் பாடியிருக்கிறார். பிரெஞ்சுக்காரர் 1866-இல் அமைத்த இரும்புத் துறைமுகப் பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்து மரங்களை வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் ஊர் செய்தவை எப்போதும் ஒன்றே: கட்டுமரங்களை மேட்டுக்கு இழுத்தல், கூரைக்கு மேல் பழைய வலையை விரித்துக் கல் கட்டுதல், முதியோரையும் குழந்தைகளையும் கல்வீடு இருந்தோரின் கூடத்தில் சேர்த்தல். யார் வீட்டுக் கூரை, யாருடைய மரம் என்ற வேறுபாடு அந்த இரவுகளில் இல்லாதிருந்தது என்பதை அவற்றை வாழ்ந்தோர் பெருமையோடு சொல்கின்றனர், அப்பெருமை நியாயமானது.

கடலின் அறிகுறிகளை இவ்வளவு நுணுக்கமாகப் படித்த ஊராரும் 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்வாங்கியதைப் படிக்க முடியாமல் போயினர். அவர்களுடைய தலைமுறை நினைவில் ஆழிப்பேரலைக்கு முன்னுதாரணம் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அன்று ஏறக்குறைய 600 பேர் இறந்தனர், அவர்களில் பெரும்பாலோர் காரைக்காலைச் சேர்ந்தோர். அதன்பின் மார்கழியின் அந்த நாள் கரையோர ஊர்களில் நினைவுநாளாயிற்று. கடலில் பாலூற்றி மலர் தூவும் வழக்கம் அப்பருவத்தின் சடங்குகளோடு சேர்ந்துகொண்டது.

தை பிறந்து வாடை மெலிந்து, கலங்கல் தெளிந்து, அலை தணிந்ததும் குளிர்காலத்தின் செழிப்பான பகுதி தொடங்கியது. கரைவலை இழுக்கப்பட்ட நாட்களே அதில் உச்சம். கரைவலை என்பது, நடுவில் மடி எனப்படும் பை போன்ற பகுதியும் இருபுறமும் நீண்ட கைகளும் கயிறுகளும் கொண்ட பெருவலை. ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டுவிட்டுப் படகு வலையைப் பிறைவடிவில் இறக்கிக்கொண்டே சென்று மறுநுனியைச் சற்றுத் தொலைவில் கரைசேர்க்க, இரண்டு அணிகளாக நின்றோர் இடுப்பில் கயிற்றைக் கோத்து, பின்னோக்கி நடந்து, மெல்ல ஒருவரையொருவர் நெருங்கினர். வன்னி ஓடும் நாளில் வடக்கணி சற்று விரைந்து இழுக்கவேண்டும் என்பது போன்ற கணக்குகளை மூத்தவர் ஒருவர் நடுவில் நின்று குரலால் நடத்தினார். மடி அலைவிளிம்பை எட்டும் நேரத்தில் செம்பருந்துகள் தலைக்கு மேல் தாழ்ந்தன, நாய்கள் வந்தன, கூடையோடு பெண்கள் வந்தனர். வெள்ளியாகத் துள்ளும் கவளையும் காரப்பொடியும், அவற்றினூடே நீண்ட வாளையும், ஒன்றிரண்டு சீலாவும், குவியலுக்குள் நெளியும் கடற்பாம்பும் இருக்கும். பாம்பைக் குச்சியால் எடுத்து அலைக்குள் விட்டபின் பங்கீடு தொடங்கும். வலைக்கு, படகுக்கு, ஆளுக்கு என்று பங்குகள் பிரிந்தபோதும், கயிற்றைத் தொட்டவர் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் நின்ற சிறுவனாயினும் அவனுக்குக் கையளவு மீன் கொடுக்கப்பட்டது.

அதே மாதங்களின் இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறின. ஜனவரி தொடங்கிப் பங்குனி வரை இக்கடற்கரையில் முட்டையிடும் இந்த ஆமை, மணலில் ஏறி, பின்துடுப்புகளால் குடம் போன்ற குழியைத் தோண்டி, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடி, உடலால் தட்டி அமுக்கிவிட்டுத் திரும்பும். முட்டைகள் 45 முதல் 60 நாட்களில் பொரிகின்றன. முன்பு அவற்றைத் தோண்டி உண்டதும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கடலாமைகள் பாதுகாக்கப்பட்டபின் வழக்கம் படிப்படியாக மாறியது. விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கி மூச்சடைத்து இறந்த ஆமைகள் ஒவ்வொரு தைமாதமும் ஒதுங்குவது இன்றும் நின்றபாடில்லை.

மாசிமகம் பருவத்தை நிறைவுசெய்தது. மாசிப் பௌர்ணமியை ஒட்டி, மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் முதலாக உள்நாட்டுக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் பல்லக்கிலும் வண்டியிலும் பயணம் செய்து வைத்திக்குப்பம் கடற்கரையில் கூடி நீராடும் தீர்த்தவாரி அது. காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளை மீனவர் மாப்பிள்ளை என்று முறைசொல்லி வரவேற்பதைப் போல், கடலோர ஊர்கள் அன்று தம்மை விருந்தளிக்கும் வீட்டாராகக் கருதின. நெல் விளையும் ஊர்களின் சனம் மணலில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ண, குருசுக்குப்பத்துச் சிறுவர் அவர்களுக்கு நண்டு வளைகளைக் காட்டிப் பெருமைப்பட்டனர்.

இவை யாவும் நடந்த மணல், 1989-இல் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டி முடிக்கப்பட்டபின் கரையத் தொடங்கியது. தெண்டி ஆண்டுதோறும் தெற்கிலிருந்து பல லட்சம் கன மீட்டர் மணலை வடக்கே கடத்துகிறது, வன்னி அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவருகிறது. மீனவர் இரு பெயர்களால் அறிந்திருந்த இக்கொடுக்கல் வாங்கலின் மீதியே இக்கரையின் மணல். கடலுக்குள் நீண்ட சுவர்கள் தெண்டியின் சுமையைத் தெற்கிலேயே தடுத்துவிட, அங்கே கரை அகன்றது, வடக்கே அலை மணலை எடுத்துச்சென்றதே தவிர ஈடுசெய்யவில்லை. சிக்கிய மணலை வடக்கே மாற்றிக் கொட்டும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும் ஒழுங்காக நடைபெறவில்லை. கரையைக் காக்கக் கொட்டப்பட்ட கருங்கல் பாறைகள் கடற்கரைச் சாலையிலிருந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நீள, அரிப்பும் அவற்றின் முனையைவிட்டு அடுத்த ஊருக்கு நகர்ந்து, தமிழகப் பகுதியான சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் வரை சென்றது. ஆழிப்பேரலையின்போது நகர மையத்தைப் பாறைச்சுவர் காத்தது என்ற கருத்து பரவலாக நிலவுகிறது; அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பாறைமேல் கரைவலை இழுக்க முடியாது, கட்டுமரம் ஏற்ற முடியாது, ஆமை முட்டையிட முடியாது. அரசின் கணக்கில் இழப்பு இத்தனை மீட்டர் கடற்கரை என்று பதிவாகிறது. அந்த மீட்டர்களில்தான் ஊர் கூடியது, வழக்குத் தீர்த்தது, சிறுவருக்குக் கடலைக் கற்பித்தது என்பதைப் பதியும் பத்தி அக்கணக்கில் இல்லை, இருந்தாக வேண்டும்.

2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் இரும்பாலான செயற்கைத் திட்டொன்றை இறக்கியபின், அதன் அருகே ஓரளவு மணல் மீண்டு, நகரத்தார் மீண்டும் காலை நனைக்க இடம் கிடைத்தது. குருசுக்குப்பத்தின் முன்னே பாறைகளே உள்ளன. கண்ணாடியிழைப் படகுகளில் பல துறைமுகத்துக்கு இடம்பெயர்ந்துவிட்டன. காற்றும் அலையும் கைப்பேசியில் வருகின்றன, அவை உயிர்களைக் காப்பதில் ஐயமில்லை. இன்னொரு பக்கம், 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியில், 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய அளவில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் பகுதியாக ஆர்வலர்கள் நாமக்கோழிகளையும் ஊசிவால் வாத்துகளையும் எண்ணுகின்றனர். 2015 முதல் பொங்கல் நாட்களிலும் தமிழகமெங்கும் பறவைகள் எண்ணப்படுகின்றன. அவர்களுடைய படிவங்களில் இனப்பெயரும் எண்ணிக்கையும் நேரமும் உள்ளன. குருசுக்குப்பத்து முதியோரிடம் இருப்பவையோ, ஆலா எந்த நீரோட்டத்தில் எங்கே பாயும், கடற்காகத்தின் தலை எந்தக் காற்றுக்குப் பழுப்பேறும் என்ற தொடர்புகள். பாறைமேல் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் அம்முதியோரிடம் குறிப்பேட்டோடு சென்று அமர்வதற்கு, ஊசுட்டேரிக்குப் போய்வரும் இளைஞர்களுக்கு ஒரு தைமாதத்துக் காலைகள் போதும். அதை அவர்கள் அடுத்த வாடையிலேயே தொடங்கவேண்டும்.